பொலிஸ் விசாரணையும் ஒளிப்பதிவும்: செலவுக் கணக்கின் மறுபக்கம்

குற்றம் இழைத்தாரென ஐயுறப்படுவோரைப் பொலிசார் விசாரிக்குங்கால், அவ்விசாரணை முழுவதும் ஒலியோடு கூடிய ஒளிப்பதிவு செய்யப்படல் வேண்டும் என்னும் கோரிக்கை எழும்போதெல்லாம், அதனை மறுப்போர் முதற்கண் எடுத்தாளும் சொல் ‘செலவு’ என்பதாகும். கோரிக்கை அநீதியானதென அவர்கள் கூறுவதில்லை, கூறவும் இயலாது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 11ஆம் உறுப்புரையில் சித்திரவதையை விலக்கியிருக்கின்றது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி, ஏழாண்டுக்குக் குறையாத சிறைவாசத்தையும் விதித்திருக்கின்றது. ஆதலின், கொள்கையளவில் எதிர்க்க முடியாத ஒன்றை அவர்கள் பணத்தின் பெயரால் எதிர்க்கின்றனர். 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்த நாடு, அறுநூறுக்கு மேற்பட்ட பொலிஸ் நிலையங்களிற் கமராக்களைப் பொருத்துவது எங்ஙனம் என்பது அவர்தம் வினா.

வினா நியாயமானதே. ஆயின், வினவுவோர் கணக்கேட்டின் ஒரு பக்கத்தை மாத்திரமே திறந்து வைத்திருக்கின்றனர். பதிவு செய்வதற்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்போர், பதிவு செய்யாதிருப்பதற்கு இதுகாறும் எவ்வளவு செலவாயிற்று, அதனை யார் செலுத்தினர் என்று கேட்பதில்லை. இவ்விரண்டாவது வினாவுக்கான விடையை அறிய விரும்புவோர் கொழும்பிலுள்ள திறைசேரியை விட்டு வன்னியிலுள்ள குடும்பங்களின் கணக்கை நோக்குதல் வேண்டும்.

முதலிற் பதிவின் செலவை நேர்மையாகவே கணக்கிடுக. கமராவும் ஒலிவாங்கியும் இன்று அரும்பொருள்கள் அல்ல. சாதாரணத் தரத்திலான ஒரு மணித்தியால ஒளிப்பதிவு ஏறத்தாழ ஒரு ஜிகாபைற் இடத்தைக் கொள்ளும் எனக் கொண்டால், ஒரு டெராபைற் கொள்ளளவுள்ள சேமிப்புத் தட்டு ஓராயிரம் மணித்தியாலத்தைத் தாங்கும். அதன் பருமனோ ஒரு பாடசாலைக் கொப்பியிலும் சிறிது. மின்தடைக்கு மின்கலம் வேண்டும். வெளியோசை புகாத ஓர் அறை வேண்டும். இவையனைத்தும் ஒருமுறைச் செலவுகள். உண்மையிற் பாரமான செலவு கருவியில் இல்லை. மனித உழைப்பிலேயே உளது. ஒரு மணித்தியால உரையாடலைச் சொல்லுக்குச் சொல் எழுத்தாக்குவோர்க்குப் பல மணித்தியாலம் செல்லும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பிரதிகளை எதிரியின் சட்டத்தரணிக்கு வழங்கும் ஒழுங்கு வேண்டும். மேன்முறையீடு முடியும்வரை பதிவைக் கெடாமற் காக்கும் பொறுப்பும் வேண்டும். இச்செலவுகள் இல்லையெனக் கூறுவோர் கோரிக்கைக்கு நன்மை செய்வோரல்லர். இவை உள்ளன, ஆண்டுதோறும் தொடர்வன.

இனி, இந்நாட்டுச் சட்டத்தின் நிலையை நோக்குதல் தகும். 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, பொலிஸ் உத்தியோகத்தருக்கு அளிக்கப்பட்ட குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக எண்பிக்க இடமளிப்பதில்லை. ‘அவ்வாறாயின் ஒளிப்பதிவு எதற்கு? பயன்படாத ஒன்றைப் பதிவு செய்வது வீண்செலவன்றோ?’ என்று சிலர் வாதிப்பர். சட்டத்தை அரைகுறையாகப் படித்ததன் விளைவே இவ்வாதம். அதே கட்டளைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, எதிரி கூறியதன் பயனாக ஒரு பொருள் கண்டெடுக்கப்படின், அதனோடு தொடர்புற்ற கூற்றை ஏற்றுக்கொள்கின்றது. கத்தி எங்கே, துவக்கு எங்கே என்ற வினாக்களுக்கு விடை ‘பெறுவதில்’ பொலிசார் காட்டும் ஊக்கத்துக்கு இப்பிரிவும் ஒரு காரணமாகும். இதனினும் பெரிய விதிவிலக்கு ஒன்றுண்டு. ‘தற்காலிக ஏற்பாடுகள்’ எனப் பெயர் பூண்டு 1979இல் வந்து, 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம், 16ஆம் பிரிவின் மூலம் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் பதவிக்குக் குறையாத ஒருவர் முன் அளிக்கப்பட்ட ஒப்புதலைச் சான்றாக ஏற்கச் செய்தது. அது மட்டுமன்று; அவ்வொப்புதல் வலிந்து பெறப்பட்டதென எண்பிக்கும் பொறுப்பையும் எதிரியின் தலைமேலேயே சுமத்தியது. 2022இன் 12ஆம் இலக்கத் திருத்தச் சட்டமும் இப்பிரிவை நீக்காமலே விட்டது.

பூட்டிய அறையுள் நடந்தது யாதென எண்பிக்கும் பொறுப்பைச் சட்டம் ஒருவன்மீது சுமத்துகின்றது. அதனை எண்பித்தற்குரிய ஒரேயொரு நடுநிலைக் கருவியைச் செலவைக் காட்டி அரசு மறுக்கின்றது. இவ்விரண்டையும் ஒருங்கே செய்யும் அரசுக்குச் சிக்கனம் பற்றிப் பேசும் தகுதி இல்லை.

வன்னி மண்ணில் இப்பிரச்சினைக்கு இன்னுமொரு முகம் உண்டு. அது மொழி. ஏ9 நெடுஞ்சாலையில், வவுனியாவுக்கும் மாங்குளத்துக்கும் இடையே, நெடுங்கேணி வீதி பிரியும் சந்தியில் அமைந்த ஊர் புளியங்குளம். 1997 மே மாதம் தொடங்கிய ‘ஜயசிக்குறு’ படைநடவடிக்கையின்போது மாதக்கணக்கிற் போர்முனையாகக் கிடந்து, குடிகள் பெயர்ந்து, பின்னர் மீண்டும் குடியேறிய ஊர் அது. இவ்வூரிலும் இதனையடுத்த ஊர்களிலும் வாழ்ந்தோர், ஆண்டுக்கணக்கில் விடுதலைப் புலிகளின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தவர்கள். அவர்களுள் ஒரு குடும்பத் தலைவியை விசாரணைக்கு அழைத்துச் சென்றனர் எனக் கொள்க. ‘இயக்கத்துக்கு உதவி செய்தாயா?’ என்பது கேள்வி. ‘சாப்பாடு குடுக்க வேண்டி வந்தது’ என்பது அவர் விடை. வேறு வழியில்லாமையால் கொடுக்க நேர்ந்தது என்பதே அத்தொடரின் பொருளென்பதைத் தமிழ் அறிந்தோர் எவரும் உணர்வர். தமிழை அரைகுறையாக அறிந்த ஓர் உத்தியோகத்தரின் கையில் அது ‘உணவு வழங்கினேன்’ என்று சிங்களத்தில் அமைவதற்கு ஒரு கணம் போதும். ‘வந்து போறவங்கள்’ என்பது ‘தொடர்பு வைத்திருந்தேன்’ என்றாகும். சொன்னவர்க்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் அமைந்த தாளின்கீழ் அவர் கையொப்பமோ கைவிரல் அடையாளமோ இடுவார். அத்தாள் பின்னர் வவுனியா மேல் நீதிமன்றத்தை அடையும்போது நிகழ்வதோ பெருவியப்பு. அரசியலமைப்பின்படி வடக்குக் கிழக்கு மாகாணங்களில் நீதிமன்ற மொழி தமிழ். எனவே தமிழிற் சொல்லப்பட்டுச் சிங்களத்தில் எழுதப்பட்டது, மீளவும் தமிழாக்கப்படுகின்றது. இரு மொழிபெயர்ப்புகளைக் கடந்து வந்த அவ்வாசகத்தைக் கேட்கும் பெண், அது தம் வாயிலிருந்து பிறந்ததென அறிந்துகொள்ளவும் மாட்டார். வழக்கே மொழியெல்லையைத் தாண்டிச் செல்வதும் உண்டு. 2017இல் வவுனியா மேல் நீதிமன்றத்திலிருந்து அநுராதபுரத்துக்குத் தம் வழக்கு மாற்றப்பட்டதை எதிர்த்துத் தமிழ்க் கைதிகள் மூவர் உண்ணாவிரதம் இருந்தமை நினைவுகூரத்தக்கது.

இது கற்பனையான அச்சம் எனச் சொல்வோர்க்குச் சிங்கராசா வழக்கு விடை கூறும். மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்த நல்லரத்தினம் சிங்கராசா 1993இற் கைதுசெய்யப்பட்டார். அவர் அறிந்த மொழி தமிழ்; அவருடையதெனக் கூறப்பட்ட ஒப்புதல் அமைந்த மொழி சிங்களம்; அதன்கண் இருந்தது அவர்தம் கைவிரல் அடையாளம். ஒப்புதல் பெறப்பட்டபோது உடனிருந்தோர் விசாரித்த உத்தியோகத்தர் இருவரே. அவ்விருவருள் ஒருவரே மொழிபெயர்ப்பாளருமாவார். அவ்வொப்புதலை ஆதாரமாகக் கொண்டே 1995இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை 35 ஆண்டாகக் குறைத்தது. 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, இத்தகைய சூழலிற் பெறப்பட்ட ஒப்புதலை மாத்திரம் நம்பித் தீர்ப்பளித்தமை நியாயமான விசாரணையாகாது எனக் கண்டது. 2006இல் இலங்கை உயர் நீதிமன்றம், அக்குழுவுக்கு முறையிட வழிசெய்த உடன்படிக்கையில் நாடு சேர்ந்தமையே அரசியலமைப்புக்கு முரணானதென்று கூறி அவர் வேண்டுகோளை மறுத்தது. உள்நாட்டு மேல் நீதிமன்றத்திலிருந்து ஜெனீவா வரை சென்று மீண்ட இவ்வழக்கில் எத்தனை நீதிபதிகளின், எத்தனை சட்டத்தரணிகளின், எத்தனை ஆண்டுகளின் உழைப்புச் செலவாயிற்று! அவ்வறையில் ஒரு கமரா இருந்திருப்பின், தமிழிற் கேட்கப்பட்டது யாது, தமிழில் விடையளிக்கப்பட்டது யாது என்பதை நீதிபதி ஒரு பிற்பகலிற் கேட்டறிந்திருப்பார். ஒப்புதல் மெய்யாயின் அதுவும் அன்றே துணியப்பட்டிருக்கும்.

இறுதியாகக் கூறியது ஊன்றி நோக்கத்தக்கது. பதிவு எதிரிக்கு மாத்திரம் உதவுவதன்று. 2017 யூலையில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் பென் எமர்சனிடம், பயங்கரவாத வழக்குகளை விசாரிக்கும் கொழும்பின் மூத்த நீதிபதி ஒருவர், அவ்வாண்டில் தாம் விசாரித்த வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றில் ஒப்புதல் வாக்குமூலத்தை நிராகரிக்க வேண்டியிருந்ததெனக் கூறினார். அவை பலாத்காரத்தாலோ அச்சுறுத்தலாலோ பெறப்பட்டமையே காரணம். சிக்கனம் பேசுவோர் இத்தகவலைச் செலவாகப் பெயர்த்துப் பார்க்கட்டும். பத்து வழக்குகளை ஆக்குவதற்கு உத்தியோகத்தர் ஊதியம், சட்டமா அதிபர் திணைக்களத்தின் உழைப்பு, நீதிமன்றத்தின் நாள்கள், சிறைச்சாலையின் உணவு என யாவும் செலவிடப்பட்டன. அவற்றுள் ஒன்பதில் ஆணிவேரான சான்றே நிற்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஒப்புதல் தானாக அளிக்கப்பட்டதா என ஆராய, வழக்கினுள் வழக்காகத் தனி விசாரணையொன்று நடைபெறல் வேண்டும். அதே அறிக்கையாளர் வெளியிட்ட மற்றொரு தகவல் இன்னும் கொடியது: நீதிமன்றக் காவலில் இருந்த 81 பேருள் 70 பேர் ஐந்தாண்டுக்கு மேலாகவும், 12 பேர் பத்தாண்டுக்கு மேலாகவும் விசாரணை முடிவின்றி அடைபட்டிருந்தனர். இவ்வளவையும் ஏற்கும் திறைசேரிக்கு, ஓர் ஒலிவாங்கியின் விலை மட்டும் தாங்கொணாததாகத் தோன்றுகின்றது.

அரசு ஏற்கும் செலவு இதுவாயின், குடும்பம் ஏற்கும் செலவு எந்த ஏட்டிலும் இடம்பெறுவதில்லை. வழக்குத் தவணைதோறும் புளியங்குளத்துத் தாயோ மனைவியோ ஏ9 வீதியிற் பஸ் பிடித்து வவுனியாவுக்கோ, அநுராதபுரத்துக்கோ, கொழும்பு மகசின் சிறைச்சாலைக்கோ சென்று மீளுதல் வேண்டும். பஸ் கட்டணம், சட்டத்தரணிக்குரிய பணம், கைதிக்குக் கொண்டு செல்லும் உணவு, அன்று இழந்த நாட்கூலி, விதைப்பின்றி ஒரு போகம் தரிசாய்க் கிடந்த வயல், படிப்பை நிறுத்திக் கூலிக்குச் சென்ற மூத்த பிள்ளை என்பவற்றைக் கூட்டுக. வழக்கு ‘பிறிதொரு தினத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது’ என்னும் ஒரு வரியின் விலை இதுவாகும். பதிவுக்கான செலவை அரசு மிச்சப்படுத்துகின்றதெனக் கூறுவது பிழை. அச்செலவை அது வறிய குடும்பங்களின் மீது தள்ளிவிடுகின்றது.

பிற நாடுகளும் இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்தே கற்றன. பேர்மிங்ஹாம் நகரிற் குண்டு வைத்ததாக 1975இல் ஆயுட்சிறை விதிக்கப்பட்ட அறுவர், ஒப்புதல்கள் நம்பத்தகாதவை எனக் கண்டு 1991இல் விடுவிக்கப்பட்டனர். இங்கிலாந்து, 1984ஆம் ஆண்டின் பொலிஸ், குற்றச் சான்றுச் சட்டத்தின்கீழ் விசாரணைகளை ஒலிநாடாவிற் பதியும் முறைக்கு மாறியது. முன்னர் அதனை எதிர்த்த பொலிசாரே பின்னர் அதனைத் தம் பாதுகாப்பாகக் கொண்டனர். ‘நான் அவ்வாறு சொல்லவில்லை’ என்னும் பொய் மறுப்புக்கு அங்கு இடமில்லாது போயிற்று. ஜப்பானில் 1966இற் கைதுசெய்யப்பட்டு, 1968இல் மரணதண்டனை விதிக்கப்பட்ட இவாவோ ஹக்கமாதா 2024இலேயே குற்றமற்றவரெனத் தீர்க்கப்பட்டார். 2025இல் அவருக்கு வழங்கப்பட்ட நட்டஈடு 21 கோடி 70 இலட்சம் யென்னுக்கு மேற்பட்டது. அந்நாடு பாரிய குற்றங்களுக்கான விசாரணைகளை முழுமையாகப் பதிவதை 2019இற் கட்டாயமாக்கியது. சிக்காகோ நகரசபை, பொலிஸ் சித்திரவதைக்கு ஆளானோர்க்காக 2015இல் 55 இலட்சம் டொலர் பரிகார நிதி ஒதுக்கியது; அந்நகர் அமைந்த இலினோய் மாநிலமே கொலை விசாரணைகளைப் பதிவதைச் சட்டத்தினாற் கட்டாயமாக்கிய முதல் அமெரிக்க மாநிலம் என்பதும் (2003) தற்செயலன்று. இவை செல்வ நாடுகள், இலங்கை வறிய நாடு என்பர். செல்வ நாட்டாலேயே தாங்கவியலாத பிழையை வறிய நாடு எங்ஙனம் தாங்கும்?

‘கமரா முன் சந்தேகநபர் வாய் திறவார், குற்றவாளிகள் தப்புவர், அச்செலவைச் சமூகமே ஏற்கும்’ என்னும் மறுப்பும் எழுவதுண்டு. மௌனம் சாதிப்பவரின் மௌனத்தைக் கமரா இல்லாத அறையிற் கலைப்பது எது என்பதை இம்மறுப்பைக் கூறுவோர் விளக்குதல் வேண்டும். அறிவார்ந்த வினாக்களாற் கலைப்பதாயின், கமரா அவற்றைத் தடுக்காது. வேறெதனாலும் கலைப்பதாயின், அதனைத் தடுப்பதற்காகவே கமரா கோரப்படுகின்றது. அன்றியும், இந்நாட்டுச் சட்டம் ஒளிப்பதிவுக்குப் புதியதன்று. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் ஒலி, ஒளிப்பதிவுகளைச் சான்றாக ஏற்க வழிசெய்தது. 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம், சிறுவர் சாட்சிகளின் கூற்றை ஒளிப்பதிவாக நீதிமன்றத்தில் முன்வைக்க இடமளித்தது. குழந்தையின் சொல்லைச் சிதையாது காக்கக் கமரா வேண்டுமென உணர்ந்த சட்டமன்றத்துக்கு, தனியறையில் அச்சத்தோடு இருக்கும் கமக்காரனின் சொல்லும் அவ்வாறே சிதையும் என்பது புரியாததன்று.

எனினும், கமராவைப் பொருத்தியதும் நீதி பிறந்துவிடும் என நம்புவது பேதைமை. 2020 யூனில் தமிழ்நாட்டின் சாத்தான்குளத்திலே தந்தையும் மகனுமாகிய வணிகர் இருவர் பொலிஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தனர். அந்நிலையத்திற் கமராக்கள் இருந்தன. சேமிப்புத் தட்டிற் போதிய இடமும் இருந்தது. ஆயினும், பதிவு நாள்தோறும் தானாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தமையை விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டறிந்தார். அவ்வாண்டு திசெம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், பரம்வீர் சிங் சைனி வழக்கில், பொலிஸ் நிலையங்கள் அனைத்திலும் ஒலியோடு கூடிய கமராக்கள் வேண்டுமெனவும், பதிவுகள் 18 மாதம் பேணப்படல் வேண்டுமெனவும் பணித்தது. சாத்தான்குளம் உணர்த்துவது ஒன்றே: பதிவின் சாவியைப் பதியப்படுவோரிடமே கொடுத்துவிடின், செலவிட்ட பணம் முழுவதும் வீணாகும். இதனினும் கேடானது அரைப்பதிவு. அடி முடிந்த பின்னர், முகம் கழுவி, கதிரையில் அமர்த்தி, ஒப்புதலை மாத்திரம் படம் பிடிப்பின், வலிந்து பெற்ற சொல்லுக்கு அது மெய்யின் தோற்றத்தைக் கொடுத்துவிடும். மலிவான பதிவைக் காட்டிலும் பதிவின்மையே மேல்.

ஆதலின் கோரப்படவேண்டியது கமரா அன்று, விதியே. பதிவு முதற் கேள்வியிலிருந்து தொடங்கி, இடையறாது, பேசப்பட்ட மொழியிலேயே அமைதல் வேண்டும். கைதான நேரத்துக்கும் பதிவு தொடங்கிய நேரத்துக்கும் இடையே நிகழ்ந்தவற்றுக்கு எழுத்து விளக்கமும் மருத்துவ அறிக்கையும் இருத்தல் வேண்டும். மூலப்பிரதி பொலிசாரிடமன்றி நீதிமன்றப் பதிவாளரிடம் இருத்தல் வேண்டும். எதிரிக்கு ஒரு பிரதி வழங்கப்படல் வேண்டும். இவை யாவற்றுக்கும் மேலாக, பதிவற்ற ஒப்புதலும், பதிவற்ற கூற்றின்வழிக் கண்டெடுக்கப்பட்டதாகக் கூறப்படும் பொருள் பற்றிய கூற்றும் சான்றாகா என்பது திட்டவட்டமாக எழுதப்படல் வேண்டும். இவ்விலக்கு இல்லாத பதிவுச் சட்டம் எவரையும் கட்டுப்படுத்தாது. பணம் போதாதெனின் படிப்படியாகச் செய்க. முதலிற் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்கீழ்ப் பெறப்படும் ஒப்புதல்கள். அவை தொகையிற் சிலவே, விளைவிற் பெரியவை. அடுத்து, மேல் நீதிமன்றத்தில் விளங்கப்படும் பாரிய குற்றங்கள். அதன் பின்னரே ஏனையவை. எழுத்தாக்கத்தையும் பிணக்குக்குரிய பகுதிக்கு மட்டுப்படுத்தின் செலவு பெரிதும் குறையும். மொழிபெயர்ப்பாளர்க்குக் கொடுக்கும் ஊதியமோ பதிவினால் எழும் புதுச் செலவன்று. அரசியலமைப்பு 1987, 1988ஆம் ஆண்டுத் திருத்தங்களின் மூலம் தமிழுக்கு அளித்த உரிமையின் நெடுநாள் நிலுவையாகும்.

போரின் இறுதியில், 2009இல், ஓமந்தையிலும் முகாம்களிலும் வன்னி மக்கள் இலட்சக்கணக்கில் வினவப்பட்டனர். ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். அன்று எவரிடம் எது கேட்கப்பட்டது, எவர் எதனைச் சொன்னார் என்பதற்கு, உறவினர் கேட்டறியத்தக்க பதிவு எதுவும் அவர்கள் கைக்கு எட்டவில்லை. காணாமலாக்கப்பட்டோரின் குடும்பத்தினர் 2017 பெப்ரவரி முதல் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வீதியோரம் அமர்ந்து கேட்டதும், ஒரு வகையில், இல்லாத அப்பதிவையே. பதிவின்மையின் விலையை இம்மண் இவ்வாறு செலுத்திவருகின்றது.

பல்கலைக்கழகங்களிலே சட்டமும், மொழியியலும், பொருளியலும், கணினியியலும் கற்போரும் கற்பிப்போரும் உளர். ஒரு நிலையத்துக்கான செலவைக் கணிப்பதும், ஒரு வாக்குமூலத்தின் தமிழையும் சிங்களத்தையும் ஒப்புநோக்கிப் பிழை காட்டுவதும், ஒத்திவைக்கப்பட்ட வழக்குகளால் ஒரு பிரதேசத்துக் குடும்பங்கள் இழந்ததைக் கணக்கெடுப்பதும் அவர்களால் இயலாதனவல்ல. பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய சட்டங்கள் மீண்டும் மீண்டும் வரையப்படும் இக்காலத்தில் இக்கணக்குகள் உடனே வேண்டப்படுகின்றன. திறைசேரி ஒரு பக்கக் கணக்கோடு வரும்போது, மறுபக்கக் கணக்கை எண்களோடு எடுத்து வைக்க எவரும் இலராயின், புளியங்குளத்துப் பெண்ணின் ‘குடுக்க வேண்டி வந்தது’ என்னும் சொல் இனிவரும் வழக்கிலும் ‘வழங்கினேன்’ என்றே எழுதப்படும்.